எட்டு மாத ஈரம்

சுவரில் இரண்டு ஊசிகளைப் பதிய வைத்தால் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுகிற சின்னப் பெட்டி ஒன்று அந்தத் தம்பியிடம் இருந்தது. அதைப் பார்த்ததும் நவமணிக்கு முதலில் வந்தது பொறாமை. எட்டு மாதமாக உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அது ஒரு நொடியில் நம்பரோடு சொன்னது. சொன்ன கையோடு அந்தத் தம்பி அதை எழுதியும் வைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அவர், சந்தானம் என்று பேர் சொன்னார், முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஷூவை வாசலில் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு படுக்கையறைக்குள் வந்து, வந்ததும் வராததுமாகச் சுவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பகல் பதினோரு மணிக்கு அவருக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றார் நாச்சிமுத்து, நவமணியின் வீட்டுக்காரர். அந்த அறையில் கரண்ட் இல்லை. சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இருவரும் தாராபுரம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தார்கள். வந்து கதவைத் திறந்தால் தண்ணீர் அவர்களை வாசலுக்கே வந்து அழைத்துப் போனது. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவருக்குள் புதைத்திருந்த பைப் மூட்டு விட்டுப்போய், மாடித் தொட்டி மொத்தமும் வீட்டுக்குள் இறங்கியிருந்தது. தொட்டி குறையக் குறைய மோட்டார் தானாக ஓடி நிரப்பியும் கொடுத்திருக்கிறது. அந்த ஆட்டோமேடிக் சுவிட்சை ஆள் வைக்காமல் தானே மாட்டியவர் நாச்சிமுத்து. முப்பத்தோரு வருஷம் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவருக்கு அதற்கெல்லாம் ஆள் எதற்கு.

பெட்டி மறுபடியும் கீச்சென்றது. சந்தானம் எழுதினார். நவமணி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, அவர் எழுதும்போது பேனா எந்தப் பக்கம் சாய்கிறது, நீளமாக எழுதுகிறாரா குட்டையாக எழுதுகிறாரா என்று பார்த்தாள். பன்னிரண்டு நாளில் அவளுக்கு இன்சூரன்ஸ் சாஸ்திரம் பாதி வந்துவிட்டது. வீட்டுக் கடன் வாங்கும்போது கூடவே போட்டுவிட்ட பாலிசி, இருக்கிறது என்பதே மறந்துபோய், நனைந்த பத்திரங்களைக் காயப்போட்டபோதுதான் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏஜென்டுக்குப் போன் போட்டவள் அவள்தான். அவன் தெளிவாகச் சொன்னான். பைப் திடீர்னு உடைஞ்சதுன்னா வருமுங்கம்மா, செவுரு, கட்டிலு, பீரோ, ஒயரிங் எல்லாமே பாப்பாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சுதுன்னா ஒண்ணும் வராதுங்க, அது வீட்டுக்காரங்க பாத்துக்க வேண்டியது, பராமரிப்பு. அப்படியானால் கசிந்து கசிந்து ஒருநாள் உடைந்தால் என்று அவள் கேட்டாள். அவன், அம்மா, 'ரொம்ப நாளா ஈரமா இருந்துச்சு'ங்கற வார்த்தை மட்டும் சர்வேயர் முன்னாடி வரக்கூடாதுங்க, அவ்வளவுதான் நான் சொல்லுவேன் என்றான். நவமணி போனை வைத்துவிட்டு அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ரொம்ப நாளா ஈரமா இருந்துச்சு. அது அவளுடைய வார்த்தை. எட்டு மாதமாக அந்த வீட்டில் அவள் சொல்லிவந்தது அது ஒன்றுதான், ஊரில் இத்தனை வாக்கியம் இருக்க அந்தப் பயல் சரியாக அதைப் பொறுக்கி எடுத்து வேண்டாம் என்கிறான். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆடியில் தொடங்கியது. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குக் கட்டிலுக்குப் பின்னால் விழுந்த சீப்பை எடுக்கக் கையை விட்டபோது சுவர் சில்லென்று இருந்தது. வெயில் ஏறாத சுவர் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள், ஆனாலும் கை போய்ப் போய் அங்கேயே நின்றது. ஆவணியில் பெயின்ட் பொரிந்தது. புரட்டாசியில் அந்தப் பொரியை நகத்தால் தட்டினால் உள்ளே மாவு மாதிரி வெள்ளையாக உப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தாள், பைத்தியம் பிடித்தவள் மாதிரி, யாரும் பார்க்கவில்லை, போர்வெல் தண்ணீரின் அதே கரிப்பு. சிறுவாணித் தண்ணீராக இருந்திருந்தால் கசிவுகூட இனித்திருக்குமோ என்னவோ. ஐப்பசி, கார்த்திகையில் வெளியே மழை, அதனால் எல்லா வீட்டிலும் ஈரம், அவளுடைய ஈரத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. மார்கழியில் துணியில் வாடை. தையில் அது கட்டிலின் தலைமாட்டைத் தாண்டி ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். நாச்சிமுத்து ஒவ்வொரு தடவையும் பேப்பரைப் புரட்டினார், அல்லது தண்ணீர் குடித்தார், அல்லது எழுந்து போய் வாசலில் நின்றார். ஊரான் ஊரான் தோட்டத்துப் பம்ப்செட்டில் வாஷர் தேய்ந்ததைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுச் சுவர் அழுகிறது காதில் ஏறவில்லை என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது. மாசியில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்திய பிறகு ஒரு கெட்ட ஆசை வந்தது, உடையட்டும், ஒருநாள் நன்றாக உடைந்து ஊற்றட்டும், அன்றைக்காவது தெரியட்டும் என்று. பங்குனி பிறந்த நாலாம் நாள் உடைந்தது. தண்ணீருக்குள் கணுக்கால் முங்க நின்றபோது ஒரே ஒரு நொடி, வாயில் நல்லது ஏதோ போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த நொடியை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. கட்டிலுக்கு அடியில் மகன் படித்த காலத்துப் புத்தகப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது அப்போது.

"அம்மிணி, தம்பிக்கு மோர் கொண்டா," என்றார் நாச்சிமுத்து.

அவள் போய் எடுத்து வந்தாள். வீட்டு வேலைக்கு வருகிற ருக்குமணி இன்றைக்கு வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே போன் பண்ணிவிட்டாள், இல்லாவிட்டால் இந்த மோரை அவள் கொண்டுவந்திருப்பாள், நவமணி இந்த நிலைப்படியை விட்டு அசைய வேண்டியிருக்காது. கொண்டுவருவதற்குள் ஏதாவது கேட்டுவிட்டாரோ, இவர் ஏதாவது சொல்லிவிட்டாரோ என்று காது அடுப்படியிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து அடுப்படிக்கும் நீண்டது. பீரோவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளைவுட் ஊதி, கதவு மூடாமல், திறந்த வாய் மாதிரி நிற்கிறது அது. சந்தானம் அளந்தார், போட்டோ எடுத்தார். எத்தனை வருஷத்துப் பீரோ என்று கேட்டார். நாச்சிமுத்து பதினோரு வருஷம் என்றார். பன்னிரண்டு என்று நவமணி தனக்குள் திருத்தினாள், வெளியே சொல்லவில்லை. மெத்தை, கட்டில் கால், ஒயரிங், தரையோரத்து டைல்ஸ் நாலு. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. அறை முழுக்க அந்த வாடை, நனைந்த சிமென்டும் பழைய துணியும் சேர்ந்த வாடை, பன்னிரண்டு நாளில் பழகிப்போனது இன்றைக்கு வெளி ஆள் வந்ததும் மறுபடி மூக்கில் ஏறியது. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பெருங்காயம் நல்லா இருக்கும்மா என்றார் சந்தானம். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பதுதான் பயமாக இருந்தது. முறைத்துக்கொண்டு வருகிறவனிடம் பொய் சொல்லிவிடலாம், மோர் நன்றாக இருக்கிறது என்கிறவனிடம் எப்படிச் சொல்வது.

பொய் சொல்லத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை, சுவரை இடித்துப் பைப்பை மாற்றி ஒயரிங் இழுத்துப் பூசி முடிக்க ஓய்வுபெற்ற மனுஷன் பணத்துக்கு எங்கே போவார், மகன் புனேயில் வாங்கிய வீட்டுக்கே மாதாமாதம் மூச்சுத் திணறுகிறான். அவளை உறுத்திக்கொண்டிருந்தது வேறு. இந்தக் கேள்வி வரும். ஐயா, இதற்கு முன்னால் ஈரம் தெரிந்ததா என்று கேட்பார். நாச்சிமுத்து இல்லை என்பார். இல்லை என்று அவர் சொன்னதும் அது எழுதப்படும், கம்பெனி முத்திரை குத்திய காகிதத்தில், அவள் எட்டு மாதம் சொன்னது சொல்லப்படவே இல்லை என்று ஆகிவிடும். அவளும் தலையை ஆட்டிச் சாட்சி சொல்ல வேண்டும். வீடு வேண்டுமா, சொன்னேன் என்பது வேண்டுமா என்று தராசில் வைத்தால் வீடுதான் வேண்டும், அதில் அவளுக்கு ஒன்றும் குழப்பமில்லை. வீட்டுக்குள் மட்டுமாவது ஒருதரம், நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் போதும், வெளியே ஆயிரம் பொய் சொல்லலாம். பன்னிரண்டு நாளாகக் காத்திருக்கிறாள். தண்ணீர் தள்ளினார், மெத்தையை மாடிக்கு இழுத்துப் போனார், பைப்பை அடைத்தார், ஒரு வார்த்தை இல்லை. முதல் இரண்டு நாள் அது வெட்கம் என்று நினைத்தாள், அவளுக்கு அவர்மேல் பரிவுகூட வந்தது. ஐந்தாம் நாள் திமிர் என்று தோன்றியது. எட்டாம் நாள் வேறொன்று தோன்றி, அதை உடனே தள்ளிவிட்டாள், அது மறுபடி மறுபடி வந்து நின்றது: ஒருவேளை அவருக்கு நினைவே இல்லையோ. ஒருவேளை அவர் பொய்யே சொல்ல வேண்டியிருக்காதோ. கேட்டதும் இல்லீங்க தம்பி, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க என்பார், சுத்தமான மனசோடு, அதுதான் உண்மையாக இருக்கும் அவருக்கு. அதைவிடப் பொய் எவ்வளவோ மேல். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை தெரியும்.

சந்தானம் எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்து, தலைமாட்டுப் பக்கம் பெயின்ட் உரிந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார். வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, படித்த பிள்ளை. டார்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியதை நவமணி கண்டாள்.

"ஐயா, இந்த உப்பு பன்னெண்டு நாள்ல பூக்காதுங்களே," என்றார். குரலில் குற்றம் சொல்கிற மாதிரி எதுவுமில்லை, கணக்கு ஆசிரியர் கரும்பலகையைக் காட்டுகிற மாதிரிதான் இருந்தது. "ஆறேழு மாசமாவது ஆகியிருக்கணும். இதுக்கு முன்னாடி இங்க ஈரம் தெரிஞ்சுதா?"

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் செய்தார். செருமிவிட்டு டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சந்தானம் ஒரு நிமிஷம் பொறுத்தார், பிறகு தலையைத் திருப்பி நிலைப்படியைப் பார்த்தார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தேனுங்க," என்றாள் நவமணி.

வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்தது எல்லாம் வேறு, எந்த ஒத்திகையிலும் கேள்வி அவளைப் பார்த்து வரவில்லை. நீ பார்த்தாயா என்று யாரும் கேட்டதில்லை, கேட்டதும் அடக்க முடியவில்லை, பசித்தவள் முன்னால் இலையைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆடியிலிருந்து என்றும் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் காதுக்குள் ஏஜென்ட் பயல் குரல் கேட்டது. சந்தானம் எழுதினார், நீளமாகவே எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக விளக்கினார். அம்மா, பயப்படாதீங்க, பாத்ததுனால மட்டும் எல்லாம் போயிடாது. பாலிசி ஐயா பேர்ல இருக்கு. ஐயாவுக்குக் கசிவு தெரிஞ்சும் சரி பண்ணாம விட்டிருந்தா, அது கவனக்குறைவு, நான் ஒரு மாதிரி எழுதணும், அநேகமா ஒண்ணும் வராது. அவருக்குத் தெரியாதுன்னா, உடைஞ்ச அன்னிக்கு ஆன சேதம் பூரா தனியாக் கேக்கலாம். அதனால ஒரே ஒரு கேள்விதான். "நீங்க ஐயாகிட்ட சொன்னீங்களா?"

சொன்னேனா என்று கேட்கிறார். எத்தனை தடவை என்று கேட்டிருந்தால் விரல் விட்டுச் சொல்லியிருப்பாள். நவமணி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆவணியில், பெயின்ட் பொரிந்த அன்றைக்கு, கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்கையில், ருக்கு, அந்தச் செவுத்த வந்து பாரு, பொக்களம் பொக்களமாக் கெளம்புது என்றாள். அது ருக்குமணியிடம். புரட்டாசி சனிக்கிழமை, தளிகை போடும்போது, இந்த வீட்டுச் செவுத்துக்கும் ஒருநாள் படையல் போட்டாத்தான் நிக்கும் போல என்றாள். அது பெருமாளிடம். ஐப்பசியில் கோபியிலிருக்கும் அக்காவோடு போனில், அவர் பக்கத்து நாற்காலியில் இருக்க, வேண்டுமென்றே சத்தமாக, ரொம்ப நாளா ஈரமா இருக்குதுக்கா, யாருக்கு என்ன கவலை என்றாள். அது அக்காவிடம். மார்கழியில் துணி மடிக்கும்போது துணியிடம். தையில் சும்மாவே, யாரும் இல்லாமல், காற்றிடம். அவள் விட்டுப்போனதை எல்லாம் தேடினாள், கார்த்திகையில் ஒன்று இருக்குமே, தீபம் வைத்தபோது, இல்லை, அது விளக்குத் திரியிடம். அவர் முகத்தைப் பார்த்து, உங்களைத்தான், செவுரு ஈரமா இருக்குது என்று சொன்ன ஒரு நாளைத் தேடினாள். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்திலும் தேடினாள். சுவருக்கு மட்டுமில்லை, எதற்குமே அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் பெரியவர்கள் எதிரே புருஷனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை, மாமியார் அதில் கறார், கூடத்தில் எப்போதும் அந்த அம்மாள் இருப்பார். அதனால் நவமணி பானையிடம் பேசக் கற்றுக்கொண்டாள். அரிசி இன்னிக்கோட தீருது என்று பானையிடம் சொன்னால் மறுநாள் மூட்டை வந்து இறங்கும். பையனுக்கு இருமல் என்று தூணிடம் சொன்னால் சாயங்காலம் மருந்து மேஜையில் இருக்கும். அந்தப் பேச்சு பழுதில்லாமல் நடந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது, கூடம் காலியாகிவிட்டது, பேச்சு மட்டும் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்ததை அவள் இன்றைக்குத்தான், ஒரு அன்னியன் பேனாவைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போதுதான், பார்க்கிறாள். சாப்பிட வாங்க, போன் வந்திருக்குது, இதெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். வேண்டும் என்றால் பானை. வலி என்றால் தூண். அப்படியானால் அவர் கேட்கவில்லையா. நிஜமாகவே அவர் காதில் விழவில்லையா. இத்தனை மாதம் இவள் கோபப்பட்டதெல்லாம் கடிதமே போடாமல் பதில் வரவில்லை என்று கோபப்பட்டதா. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள். "அவருகிட்ட நான் சொன்னதில்லீங்க."

பொய்யில்லை. நூற்றுக்கு நூறு நிஜம், வீட்டுக்கும் லாபம், ஏஜென்ட் கேட்டால் கை கொடுப்பான். அவளுக்கு ஏனோ உடம்பில் பாதியை வெட்டிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. சந்தானம் தலையை ஆட்டினார், அவருக்கே நிம்மதி வந்தது தெரிந்தது, நல்ல பிள்ளை, பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

"எழுதாதீங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து.

டார்ச்சை அணைத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சுவர் சாதாரணமாகத் தெரிந்தது, இவ்வளவுதானா என்கிற மாதிரி.

"அவ சொன்னா. வேலைக்காரிகிட்டச் சொன்னா, அக்காகிட்டப் போன்ல சொன்னா, சாமிகிட்டச் சொன்னா. அத்தனையும் எனக்குச் சொன்னதுதானுங்க. எனக்குத் தெரியும்."

சந்தானம் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. அம்மா இல்லைன்னுட்டாங்க. நான் அதையே எழுதிக்கலாம்."

"அவ சொல்லலைன்னு ஒரு காயிதத்துல இருக்கக்கூடாதுங்க. எட்டு மாசம் சொன்னா."

"தெரிஞ்சும் ஏங்கய்யா விட்டீங்க? பைப்பு வேலைதானே, நீங்களே பாத்திருக்கலாமே."

நாச்சிமுத்து டார்ச்சின் பின்மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார்.

"எங்கிட்டச் சொல்லட்டும்னு இருந்தேனுங்க," என்றார். "எங்கம்மா இருந்தவரைக்கும் சரி, அது வேற. அப்புறமும் அதே மாதிரியேதான். கேஸ் சிலிண்டர், மாத்திரை, எல்லாம் எங்கியோ பாத்துச் சொல்லுவா, நானும் வாங்கிப் போட்டுட்டே இருந்தேன். செவுரு பெரிய காரியம். இதையாச்சும் என்னையப் பாத்துச் சொல்லுவான்னு இருந்தேன். ஒவ்வொரு மாசமும், இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு இருந்துட்டேன்."

அறையில் பெட்டி மட்டும், யாரும் தொடாமலே, ஒருதரம் கீச்சிட்டது. சந்தானம் அதை அணைத்துப் பைக்குள் வைத்தார். அவர் படிவத்தில் இதை எழுதக் கட்டம் இருந்திருக்காது. தெரிஞ்சிருந்துச்சுன்னுதான் எழுதியாகணுங்கய்யா என்றார், நாச்சிமுத்து எழுதுங்க என்றார். சுவருக்கும் பீரோவுக்கும் நம்பிக்கை வைக்க வேண்டாம், ஒயரிங் மட்டும் மேலே எழுதிப் பார்க்கிறேன், உறுதி கிடையாது என்றார் சந்தானம். வாசலில் ஷூ மாட்டும்போது அவர் நவமணியிடம் மோருக்கு நன்றி சொன்னார், வேறு எதையோ சொல்ல வந்து அதற்குப் பதிலாக அதைச் சொன்ன மாதிரி இருந்தது.

அவள் அறைக்குத் திரும்பியபோது நாச்சிமுத்து அங்கேயேதான் நின்றிருந்தார். நவமணிக்குக் கோபமாக வந்தது. ஒரு சுவரை அழுகவிட்டுக் காத்திருப்பானா ஒருவன். என்ன ஈரம் என்று அவர் வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா, அவரும் பேப்பரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வாய்க்கு எந்த மாமியார் காவல் இருந்தது. பன்னிரண்டு நாள், அதற்கு முன்னால் எட்டு மாதம், அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம். வீடே கொட்டிப் போனாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கிற முரட்டு மனுஷன். அந்த மனுஷன்தான், கொட்டிப் போனாலும் பரவாயில்லை என்று, அவ சொன்னா என்றார். அழுகை வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, அது கோபத்துக்கு நடுவிலேயே இருந்தது, இரண்டையும் பிரித்து எடுக்க அவளுக்கு இப்போது நேரமில்லை. சொல்ல நிறைய இருந்தது. பழக்க தோஷத்தில் கண் அறையைச் சுற்றியது. ருக்குமணி வரவில்லை. போன் கூடத்தில். பீரோ ஒருபக்கம், கட்டில் ஒருபக்கம். அவள் எல்லாவற்றையும் தாண்டி வந்து அவர் முகத்தில் கண்ணை நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தது, எப்போது உடைந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"ஜன்னல் பக்கத்துச் செவுரும் நனைஞ்சிருக்குது," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "அதையும் இடிக்கோணும். உங்ககிட்டத்தான் சொல்றேன்."

"கேக்குது அம்மிணி," என்றார்.